ஸ்ட்ராபெரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நூலகம்

அன்பரசி முதன்முதலில் எங்கள் நூலகத்துக்குள் வந்தது படிப்பதற்காக அல்ல, மழைக்கு ஒதுங்குவதற்காக. மகள் தனுஜாவுக்குச் சனிக்கிழமைகளில் தானா ராத்தாவில் டியூஷன். அது முடியும்வரை டவுனில் எங்காவது உட்கார வேண்டும். ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் எவ்வளவு நேரம்தான் இருப்பது? கடைவரிசையின் கோடியில் கதவு திறந்திருந்தது. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலி ஈரமாகிவிடுமே என்று சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

அது எங்கள் வாசகர் மன்றத்தின் நூலகம். இந்த மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் முன்பு படிப்பகங்கள் இருந்தன. ஆட்கள் குறைந்து அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அங்கிருந்த புத்தகங்கள் சாக்கு மூட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் எங்களிடம் வந்து சேர்ந்தன. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன், மன்றத்தில் ஓர் உறுப்பினன். அன்பரசியின் கதையில் எனக்குப் பெரிய பங்கு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

அன்பரசி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளி இறுதியோடு, படிப்பு நின்றது. லோரி ஓட்டும் லிங்கேஸ்வரனைக் கல்யாணம் செய்துகொண்டு கோலா தெர்லாவுக்குப் போனார். அங்கே மகேஸ்வரன் என்பவரின் காய்கறி, ஸ்ட்ராபெரி கிடங்கில் வேலை. பறித்து வந்த சரக்கைத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, எந்தத் தோட்டத்துச் சரக்கு, எந்தத் தரம், எந்த ஊருக்குப் போகிறது என்று சீட்டு ஒட்டுவது அவர் பொறுப்பு. அந்தக் கிடங்கில் பெட்டி மாறிப் போனது என்ற பேச்சே வந்ததில்லை என்று மகேஸ்வரனே பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவரின் கண் நூலகத்தில் எங்கே போகும்? புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் போய் நின்றது. மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, நூலகர் யுவனேஸ்வரியிடம் போய், இந்த நம்பர் எதற்கு என்று கேட்டார். யுவனேஸ்வரி ஈப்போவிலிருந்து வந்தவர். நூலகவியலில் பட்டம் பெற்றவர், முப்பது வயதுகூட ஆகாதவர். யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அவர் விளக்கினார். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்து ஒரு புத்தகத்தைத் தேடிப் போனால், நாம் கேள்வியே பட்டிராத வேறு புத்தகங்கள் அதன் இரண்டு பக்கமும் நமக்காகக் காத்திருக்கும். அன்பரசி அலமாரி அருகே போய் அதைச் சோதித்துப் பார்த்தார். அன்றைக்கு மகளை அழைத்து வர மறந்துவிட்டார். டியூஷன் முடிந்து தனுஜாவே நனைந்துகொண்டு தேடி வந்தாள்.

அதற்கடுத்த வருடம் தொலைதூரக் கல்வியில் நூலகவியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தார். முப்பத்தாறு வயதில் இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். லிங்கேஸ்வரன் மட்டும் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். லோரியில் கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பும்போது, பாடநூல்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

மூன்றாண்டுகள் வேலை செய்துகொண்டே படித்தார். கடைசிப் பருவத்தில் ஒரு நூலகத்தில் முழுநேரப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதற்காகக் கிடங்கு வேலையை விட வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை நெருங்கும் நேரம், பழம் குவியும் பருவம். மகேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பெண்கள் ஆயிரம் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள், நீ இந்த வயதில் போய்ப் புத்தகத்துக்குத் தூசி தட்டப் போகிறாயா என்று ஆட்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். அன்பரசி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு இருவரும் கடைவீதியில் பார்த்தால்கூடப் பேசிக்கொள்வதில்லை.

நூலகத்தில் வேடிக்கையாக இருந்தது. உள்ளே வருகிறவர்கள் அன்பரசியை நூலகர் என்றும், யுவனேஸ்வரியைப் பயிற்சி மாணவி என்றும் நினைத்துக்கொள்வார்கள். யுவனேஸ்வரி அவரை ‘அக்கா’ என்பார். அவர் யுவனேஸ்வரியை ‘மிஸ்’ என்பார். இரண்டு பேருமே கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பட்டியலிடும் வேலை வெளியிலிருந்து பார்த்தால் எழுத்தர் வேலைபோலத் தெரியும். அப்படியில்லை என்று எனக்குப் புரிந்தது அன்பரசி அதைக் கற்றுக்கொள்வதைப் பார்த்தபிறகுதான். முதல் வாரத்தில் அவர் ‘மணமலர்’ என்ற மெல்லிய நூலை எடுத்தார். அட்டையில் பெரிய மல்லிகைச் சரம். தோட்டக்கலைக்கு உரிய எண்ணைப் போட்டு, பூச்செடி வளர்ப்பு நூல்களோடு வைத்துவிட்டார். அது யாரோ ஒரு தோட்ட அலுவலகக் கிராணியின் கல்யாணத்துக்கு நண்பர்கள் அச்சடித்துக் கொடுத்த வாழ்த்துப்பா. யுவனேஸ்வரி சிரித்து முடித்தபிறகு சொன்னார்: “அட்டைய நம்பாதீங்கக்கா. உள்தலைப்ப பாருங்க, முன்னுரைய படிங்க. அப்பறம் இத யாரு தேடிக்கிட்டு வருவாங்கன்னு யோசிங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் அன்பரசிக்குப் பிடித்துப்போனது. ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் கையில் கிடைத்தால், அதைச் சமயம் என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகமாட்டார். முழுவதும் புரட்டுவார். நடுவில் எங்கோ அந்தத் தோட்டத்தில் முதல் பள்ளிக்கூடம் கட்டிய கதை இருக்கும். கடைசிப் பக்கத்தில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் அவர்கள் வேலை செய்த பிரிவும் இருக்கும். பள்ளியைத் தேடுகிறவருக்கும், தாத்தா பெயரைத் தேடுகிறவருக்கும் இது கிடைக்க வேண்டாமா என்பார். அதற்கெல்லாம் தனித்தனியே தலைப்புக் கொடுப்பார். ஆசிரியர் பெயரில் இன்னொரு தொல்லை. ஒரே ஆளின் பெயர் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் கணினி குழம்பும். இந்த மூவரும் ஒருவரா, வேறு வேறு ஆட்களா என்று தோட்டம் தோட்டமாகப் போன் போட்டு விசாரிப்பார். ஒருமுறை, பல வருடங்களுக்கு முன் கவிதை எழுதி வெளியிட்ட ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார், கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்கிறார் என்று கண்டுபிடித்து, அவரிடமே போய்ப் பிறந்த ஆண்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

பாதுகாப்பு வேலையையும் அதே கவனத்தோடு கற்றார். மலைப்பனி எங்கள் ஊரில் பிற்பகலில் சன்னல் வழியாக உள்ளே நடந்து வரும். மனிதருக்கு இதம், தாளுக்கு எமன். ஈரமானியைப் பார்த்து எப்போது சன்னலைச் சாத்துவது, பூசணம் பிடித்த நூலை எப்படித் தனியே வைத்து மென்தூரிகையால் துடைப்பது, துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியைப் பக்கம் கிழியாமல் எப்படி எடுப்பது, செலோடேப் ஏன் கூடாது, கோதுமைப் பசையை எவ்வளவு நீர்க்கக் காய்ச்சுவது எல்லாம் அவர் கைக்கு வந்தன. ஸ்ட்ராபெரியை நசுங்காமல் எடுத்துப் பழகிய விரல்கள் அவருடையவை. நைந்த தாள் அந்த விரல்களுக்கு நடுவில் அடங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு நூலையும் பதியும்போது, நாட்டில் வேறெந்த நூலகத்திலாவது அது இருக்கிறதா என்று இணையத்தில் தேடுவார். எங்குமே இல்லாதவற்றை வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டி வைப்பார். நாடா கட்டியிருந்தால் இதற்கு மாற்று கிடையாது என்று அர்த்தம். இது யுவனேஸ்வரியும் அவரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. சில மாதங்களில் பழைய மலர்கள், சங்கத் துண்டுப் பிரசுரங்கள், பள்ளி ஆண்டிதழ்கள் என்று கீழ் அலமாரிகள் நெடுக வெள்ளை நாடாக்கள் தெரிய ஆரம்பித்தன.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்வது எங்களுக்குப் பழக்கம். இது விடாமல் பெய்தது. மலையிலிருந்து கீழே இறங்கும் சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவரிசைக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து வாய்க்காலை அடைத்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பின்கதவை உடைத்துக்கொண்டு நூலகத்துக்குள் புகுந்தது.

செய்தி கேட்டு நான் போனபோது தண்ணீர் வடிந்திருந்தது, சேறு இருந்தது. கீழ் இரண்டு தட்டுகளில் இருந்தவை முழுக்க நனைந்திருந்தன. புத்தகங்கள் ஊறிப் பெருத்து, அலமாரியை விட்டு வராமல் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நின்றன. யுவனேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஐந்து வருட உழைப்பு அவருடையது. அன்பரசி ரப்பர் பூட்ஸோடு உள்ளே நின்று, யாரும் எதையும் தொடவேண்டாம் என்று எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தார். உதவ வந்த ஒருவர் ஒரு நூலை விரித்துப் பார்க்க, பக்கம் கையோடு வந்துவிட்டதாம்.

சற்று நேரத்தில் யுவனேஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு, தனக்குப் பாடம் சொல்லித் தந்த பேராசிரியருக்குப் போன் செய்தார். அவர் சொன்னது சுருக்கம். நனைந்த தாளில் இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். அத்தனையையும் அதற்குள் காய வைக்க உங்களால் முடியாது. அவசரப்பட வேண்டாம், உறைய வையுங்கள். உறைந்துவிட்டால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஆள் அனுப்ப அவர் தயார். ஆனால் சாலை இல்லை.

யுவனேஸ்வரி போனை வைத்துவிட்டு, “இவ்ளோ புத்தகத்த ஒறைய வைக்க இந்த மலையில எடம் எங்கக்கா இருக்கு?” என்றார்.

இடம் எங்கே இருக்கிறது என்பது அன்பரசிக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி உறைய வைக்கும் பெரிய பிரீசர் அறை மகேஸ்வரனின் கிடங்கில் இருந்தது. “கேட்டுப் பாக்கறேன் மிஸ்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன் இன்னொரு சிக்கல் வந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க ஆளும் இல்லை, கூடையும் இல்லை. எதை முதலில் காப்பாற்றுவது? மன்றத் தலைவர் மாடசாமி ஐயா ஓய்வுபெற்ற கிராணி, எல்லோரும் மதிக்கும் மனிதர். அவர் தன் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்த கெட்டி அட்டைக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் கீழ்த்தட்டில் நனைந்து கிடந்தன. அவர் முகம் வாடிப்போயிருந்தது. முதலில் அதை எடுங்கள் என்று இளைஞர்களிடம் சொன்னார். இரண்டு பேர் குனிந்தார்கள்.

அன்பரசி குறுக்கே வந்தார். பயிற்சிக்கு வந்தவர், மன்றத்தில் வாக்குரிமைகூட இல்லாதவர். குரல் உயரவில்லை.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. மொதல்ல வெள்ள நாடா கட்டுனது. இந்தத் தொகுதி போனா ஈப்போவுல இருக்கு, கேஎல்லுல இருக்கு. இந்த மலருங்க போனா எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்.”

மாடசாமி யுவனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். யுவனேஸ்வரி, “அக்கா சொல்றதுதாங்கய்யா சரி,” என்றார். பெரியவர் வெளியே போய்விட்டார். எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. அரைமணி கழித்து அவர் திரும்பி வந்தார், பக்கத்துக் கடைகளில் எல்லாம் கேட்டு வாங்கிய ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பையோடு. நாடா கட்டிய நூல்களை அன்பரசி வாளித் தண்ணீரில் மூடியபடியே அலசித் தர, பையின் வாயை விரித்துப் பிடித்தது அவர்தான்.

லிங்கேஸ்வரனின் லோரி மலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. முதல் சுமையை ஏற்றிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனோம். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு கிடங்கு முதலாளி நனைந்த புத்தகத்துக்கு இடம் தருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கிடங்கில் மகேஸ்வரன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். சாலை அடைபட்டதால் பழம் வெளியே போக வழியில்லை. தோட்டங்களிலிருந்து பழம் வந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் சிவப்பாகக் கூடைகள். அன்பரசியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“என்ன, படிப்பு முடிஞ்சிருச்சா? இப்பதான் இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா?”

“முடியல முதலாளி. ஒரு ஒதவி கேட்டு வந்தேன்.” அன்பரசி விஷயத்தைச் சொன்னார். பை ரெண்டு போட்டு, மூடி வைத்த கூடையில்தான் வைப்போம், பழத்தோடு படாது என்பதையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்.

“பழத்துக்கே எடமில்லாம நிக்கிறேன்லா. இதுல சேத்துப் புத்தகத்த எங்க வைக்கிறது?”

“பிரீசர ஒருதடவ பாத்துக்கட்டுமா?”

அவர் தோளைக் குலுக்கினார். அன்பரசி கதவைத் திறந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது மூச்சு புகைந்தது.

“கூடையோட உள்ள ஏத்தியிருக்கீங்க முதலாளி. பாதி காத்துதான் இருக்கு. காம்பு கிள்ளி, பையில போட்டு, தட்டையா அடுக்குனா பின்பக்க ரேக்கு ரெண்டும் காலியாவும். வெளிய கெடக்குற பழத்துக்கும் எடம் கெடைக்கும், எங்களுக்கும் கெடைக்கும்.”

“அது எனக்குத் தெரியாதா? கிள்றதுக்கு ஆள் வேணாமா? என் ஆளுங்க பாதிப் பேரு மண் சரிஞ்ச எடத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டாங்க.”

“ஆள நான் கொண்டாறேன்.”

மகேஸ்வரன் அவரைப் பார்த்தார். பிறகு லோரியின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். “வாத்தியாருக்குக் காம்பு கிள்ளத் தெரியுமா?” என்று கேட்டார். கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றும் மறுநாளும் எங்கள் வாசகர் மன்றம் முழுவதும் ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளியது. ஆசிரியர்கள், கோயில் அறங்காவலர் ஒருவர், தனுஜாவும் அவள் பள்ளித் தோழிகளும், மாடசாமி ஐயா எல்லோரும் நீண்ட மேசையில் வரிசையாக உட்கார்ந்தோம். அன்பரசி நடுவில் நின்றுகொண்டு, பழத்தைப் பிடிக்கும் விதத்தை ஒருமுறை காட்டிவிட்டு, ஒரு பக்கம் பழப்பைகளையும் இன்னொரு பக்கம் புத்தகக் கூடைகளையும் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு கூடையிலும் நூல்களை முதுகு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வைத்து, எந்த அலமாரியின் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று சீட்டு எழுதினார். யுவனேஸ்வரி நூலகத்திலிருந்து சுமை சுமையாக அனுப்பிக்கொண்டே இருந்தார். கலைக்களஞ்சியமும் கடைசிச் சுமையில் வந்து சேர்ந்தது. பின்பக்க ரேக்குகள் நிறைந்தன. பிரீசர் கதவின் பனி படிந்த கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் எங்கள் நூலகம்.

என் விரல்களில் சாயம் போக ஒரு வாரம் ஆனது. பள்ளியில் பிள்ளைகள் என்ன சார் என்று கேட்டார்கள்.

சாலைகள் திறந்தன. பழம் கீழே போனது. புத்தகங்கள் உறைந்தபடி காத்திருந்தன. அவற்றைக் காய வைக்க நூலகத்தில் இடமில்லை. காற்று நன்றாக ஓடும் பெரிய இடம் வேண்டும், வெயில் கூடாது. அன்பரசிக்குத் தான் பிறந்த தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. பறித்த கொழுந்தை வாட்டுவதற்கு அங்கே நீளமான தொட்டிகள் உண்டு. அடியில் கம்பி வலை, அதற்குக் கீழிருந்து மின்விசிறிக் காற்று வரும். புதுத் தொட்டிகள் வந்தபின் மாடியில் ஒரு பழைய தொட்டி சும்மா கிடந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த அர்ஜுனன், அன்பரசியோடு தோட்டப் பள்ளியில் படித்தவர். அவர் மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

சூடான காற்றையும் திறந்துவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று அர்ஜுனன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

“காயும்டா,” என்றார் அன்பரசி. “அப்பறம் தொட்டா அப்பளம் மாதிரி ஒடையும். வெறுங்காத்து போதும்.”

ஒவ்வொரு தொகுதியாகப் பிரீசரிலிருந்து எடுத்து, தொட்டியின் வலைமேல் நிறுத்தி வைத்து, பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சு தாள் செருகி, நனைந்த தாளை எடுத்து உலர்ந்ததை வைத்து, இப்படியே பங்குனி உத்திரம் வரை வேலை நடந்தது. காலையில் தொழிற்சாலை, பிற்பகலில் சேறு கழுவிய நூலகம், வீட்டுக்குப் போய்ப் பயிற்சி அறிக்கை எழுதுவது. பல்கலைக்கழகம் கேட்ட பயிற்சிக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. யுவனேஸ்வரி நினைவூட்டியபோது, பாதியில் விட்டால் யார் பக்கத்தைப் புரட்டுவது என்றாராம்.

எல்லாம் பிழைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வழவழப்பான படத்தாளில் அச்சடித்தவை ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. ஒரு தோட்டப் பள்ளியின் பொன்விழா மலர் அப்படித்தான் போனது. அதை அன்பரசி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்க ஆரம்பித்தார். கம்போங் ராஜாவில் ரஞ்சிதம் என்ற அம்மாள், தன் கணவரின் படம் அதில் இருப்பதால் சாமி மேடையில் வைத்திருந்த பிரதியைக் கொடுத்தார். வேறெங்கும் இல்லை என்று தான் பதிந்தது தப்பாகிவிட்டதே என்று அன்பரசிக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைச் சாமி மேடைக்கே திருப்பிக் கொடுத்தார்.

கிடைக்காமலே போனவையும் உண்டு. பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. இல்லாத புத்தகத்துக்குப் பதிவு எதற்கு என்று ஒருவர் கேட்டார். அன்பரசி எழுந்து, “இருந்துச்சுன்னாவது தெரியணும்ல,” என்றார். அந்தப் பதிவுகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளத்தில் அழிந்தது என்ற குறிப்பு. அவர் முன்பே தலைப்புகளை விரிவாகக் கொடுத்திருந்ததால், அழிந்த நூலில் என்னென்ன இருந்தன என்பது இன்றும் தெரிகிறது.

நூலகம் இப்போது அதே கடைவரிசையில் மாடியில் இருக்கிறது. அன்பரசியை வாரத்தில் மூன்று நாள் உதவி நூலகராக மன்றம் வைத்துக்கொண்டது. முழுநேரம் வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதியில்லை. மற்ற நாட்களில் அவர் மகேஸ்வரனின் கிடங்கில் இருக்கிறார். அழைத்தது மகேஸ்வரன்தான். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை என்று கேள்வி. கிடங்குக்கு வரும் வியாபாரிகளிடம், புத்தகத்தை உறைய வைத்தால் பூசணம் பிடிக்காது தெரியுமா என்று மகேஸ்வரன் விளக்கிக்கொண்டிருப்பதை நானே கேட்டிருக்கிறேன். தான் கண்டுபிடித்ததுபோலத்தான் சொல்வார்.

டிப்ளோமா பட்டமளிப்பு கோலாலம்பூரில் நடந்தது. அதே நாளில் லிங்கேஸ்வரன் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மொத்தச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. சரக்கு காத்திருக்குமா? குடும்பமே லோரியில் ஏறிக்கொண்டது. பட்டமளிப்பு அங்கி கசங்காமல் இருக்க இருக்கைக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிட்டு, தனுஜா வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். மண்டபத்துக்கு வெளியே லோரியை நிறுத்தக் காவலாளி விடவில்லை. அவரிடம் லிங்கேஸ்வரன் பேசியதுதான் அன்றைய அதிசயம் என்று அன்பரசி சொன்னார். “எம் பொஞ்சாதி உள்ள பட்டம் வாங்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து காட்டினாராம், அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்பரசியை. காவலாளி வழிவிட்டார்.

அதற்கடுத்த வேலை நாளில் நான் நூலகத்துக்குப் போனேன், வாழ்த்துச் சொல்ல. படிக்கட்டில் கம்போங் ராஜா கோயிலிலிருந்து வந்த இருவர் ஒரு பழைய இரும்புப் பெட்டியோடு நின்றார்கள். கோயில் தொடங்கிய காலத்து ஏடுகளும் அறிக்கைகளும் அதில் இருக்கின்றன, இராமபாணப் பூச்சி விழுந்துவிட்டது, அன்பரசி என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள் என்றார்கள். அன்பரசி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“பெட்டிய உள்ள கொண்டு வந்துறாதீங்க. அங்கேயே வைங்க, பூச்சி மத்ததுக்கும் ஏறிடும். நான் எறங்கி வர்றேன்.”

கையுறையை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, படிக்கட்டிலேயே முழந்தாளிட்டு உட்கார்ந்து, பெட்டியின் மூடியை மெல்லத் திறந்தார்.